இருக்கைத் தண்டவாளத்தில் இறுகிய துரு

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் எஞ்சினைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். ஆனால் முதல் மல்லுக்கட்டு பெரும்பாலும் முன் இருக்கையோடுதான். அந்த இருக்கை, தரைத்தகட்டில் பற்றவைத்த தண்டவாளங்களில் சறுக்கி நகரும். தடுப்பை விடுவித்து, தண்டவாளத்தின் நுனியைத் தாண்டித் தள்ளினால்தான் வெளியே வரும். தண்டவாளம் துருவேறி இறுகிவிட்டால் அவிழ்க்க நட்டும் இல்லை, தள்ளவும் வழியில்லை.

அங்கே துரு சேரக் காரணம் உண்டு. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைநீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் தங்கிவிடும். விரிப்பு மேலே உலர்ந்து தெரியும். அடியில் நாள்கணக்கில் ஈரம் கிடக்கும். போதாததற்கு, பீட்டிலின் பேட்டரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து கசியும் கந்தக அமிலம் சுற்றியுள்ள தகட்டை அரித்துவிடும்.

வெளியே லேசாகப் படிந்திருக்கும் துரு, உள்ளே ஏன் அவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொள்கிறது? கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி யூலிக் எவன்ஸ் 1920களில் செய்த சோதனை இதை விளக்குகிறது. இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர், அவ்வளவுதான். காற்று தாராளமாகச் சேரும் விளிம்பில் இரும்பு தப்பித்தது. ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதியில் கரைந்தது. இரண்டுக்கும் இடையே துரு வளையமாகப் படிந்தது. தண்டவாள இடுக்கும் போல்ட்டின் மரையும் அந்தச் சொட்டின் நடுப்பகுதியைப் போலத்தான்: காற்று குறைவு, ஈரம் நிரந்தரம். அழிந்த இரும்பைவிடத் துருவுக்கு இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். இடுக்கிலோ இடமே இல்லை. அதனால் இரு பக்க உலோகத்தையும் நெட்டித் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது.

இப்படி அடைத்துக்கொண்ட துரு, உலோகத்தைப் போல வளையாது, நொறுங்கும். இதுதான் நமக்குச் சாதகம். ஆனால் கடப்பாரையால் நெம்பினால், துரு நொறுங்கும் முன்பே மெலிந்த தரைத்தகடு கிழியும். எத்தனையோ நல்ல தரைகள் இந்த அவசரத்தில் பாழாகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். முதலில் மண்ணையும் உதிரும் துருவையும் கம்பி பிரஷால் எடுத்துவிட்டு, துரு இளக்கும் மெல்லிய எண்ணெயை விட வேண்டும். நுண்ணிய இடுக்குகள் அதைத் தாமாகவே உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டியானது, உள்ளே போகாது. இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் சிறு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் துருவில் விரிசல் விழும். அந்த விரிசல் வழியாக எண்ணெய் இன்னும் ஆழம் போகும். பிறகு இருக்கையை முன்னும் பின்னுமாக ஆட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் அசைந்தாலே பாதி வேலை முடிந்ததுபோல. போல்ட்டுக்கும் இதே முறைதான்: முதலில் இறுக்கும் பக்கம் துளி திருப்பி, பிறகு அவிழ்க்கும் பக்கம்.

சூடேற்றுவதும் பலன் தரும். 8 மி.மீ. துளையுள்ள எஃகு நட்டை 200 டிகிரி சூடேற்றினால் துளை சுமார் 0.02 மி.மீ. விரியும், துருவின் பிடி தளர அதுவே போதுமானதாக இருக்கலாம். ஆனால் காருக்குள் காஸ் தீச்சுடர் கூடவே கூடாது. இருக்கைத் திணிப்பு நார், தரையில் ஒட்டிய தார்ப்பூச்சு எல்லாமே தீப்பிடிப்பவை. சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜனையும் வெளிவிடும். ஆகவே வேலை தொடங்கும் முன்பே பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிடுவது நல்லது.

கழன்ற சிறு பாகங்களைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் துரு கரையும். ஸ்பிரிங்குகளை அதில் போடக் கூடாது. அமிலத்தில் உருவாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடும்.

சீட் பெல்ட் போல்ட்டுக்கு மட்டும் சமரசம் வேண்டாம். துருப்பிடித்ததையோ சூடேற்றிக் கழற்றியதையோ திரும்பப் போடக் கூடாது. புதிது வாங்கும்போது மரையையும் பார்க்க வேண்டும்: மில்லிமீட்டர் அளவில் செய்த கார்களில்கூட இந்த போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம்தான்.