மெட்ரோ இல்லாத ஊரின் மெட்ரோ மேப்

மெட்ரோ ரயிலே ஓடாத ஊரில் கையில் ஒரு மெட்ரோ மேப்பைக் கொடுத்தால் என்ன நினைப்பீர்கள்?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது பொன்தெவெத்ரா என்கிற சின்ன நகரம். அங்கே நிஜமாகவே கொடுக்கிறார்கள்! சிவப்பு, பச்சை, நீலம் என்று கோடுகள். நடுநடுவே ஸ்டேஷன் மாதிரி வட்டங்கள். கோட்டின் மேல் எழுதியிருப்பதோ, இங்கிருந்து அங்கே நடந்துபோக எத்தனை நிமிடம் என்பது!

1999-இல் அங்கே மேயராக வந்த லோரெஸ், அடிப்படையில் ஒரு டாக்டர். அதனால்தானோ என்னவோ, வந்த கையோடு பழைய நகரத்துத் தெருக்களை நடப்பவர்களுக்கே விட்டுவிட்டார். சாமான் இறக்கும் வண்டி வரலாம், ஆம்புலன்ஸ் வரலாம். சும்மா குறுக்கே புகுந்து போகிற கார்களுக்குத்தான் தடை. வண்டி ஓடுகிற தெருக்களிலும் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். அந்த வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி சட்டென்று நிற்கும். தப்பித்தவறி இடித்தாலும், ஆள் பிழைக்கிற வாய்ப்பு ரொம்பவே அதிகம். அங்கே பிள்ளைகள் பலர் பெரியவர் துணையில்லாமலே பள்ளிக்கூடம் நடந்து போகிறார்கள்.

"வண்டி வராவிட்டால் வியாபாரம் என்னாவது?" என்று கடைக்காரர்கள் ஆரம்பத்தில் முணுமுணுக்காமல் இல்லை. ஆனால் பாருங்கள், 2023 தேர்தலுக்குப் பிறகும் அங்கே மேயர் அதே லோரெஸ்தான்!