கம்பி தெரியும் மேல்தளம்

கான்கிரீட் மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் முதலில் விழுவது ஒரு மெல்லிய வெடிப்பு. அது பெரும்பாலும் உள்ளே கம்பி ஓடும் திசையிலேயே போகும். அடுத்து பழுப்புக் கறை படியும். பிறகு காரை தகடு தகடாகப் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். தமிழ்நாட்டின் பழைய தொகுப்பு வீடுகள் பலவற்றில் காணும் காட்சி இது.

புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பிமேல் ஒரு நுண்ணிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கிச் சுண்ணாம்புடன் வினைபுரிய, பி.எச். 9-க்கும் கீழே போய்ப் படலம் அழிகிறது. துரு, தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் கான்கிரீட் வெடிக்கிறது.

திருவள்ளூர் மாவட்டத்தின் இரு கோடிகளில் எதிரி வேறு வேறு. கடலுக்கு எட்டத்தில், ஆந்திர எல்லையோரம் இருக்கும் ஆர்.கே.பேட்டையில் கரியமில வாயுவும் ஒழுகும் மொட்டைமாடியும் போதும். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிப் பக்கம் உப்புக்காற்று. அதிலுள்ள குளோரைடு காரம் குறையாத கான்கிரீட்டிலும் படலத்தைத் துளைத்துவிடும். ஐ.எஸ். 456 விதிநூல், லேசான சூழலில் கம்பிக்கு வெளியே 20 மி.மீ. கான்கிரீட் மூடாக்கு போதும் என்கிறது. கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. கேட்கிறது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் அது சென்ட்ரிங் பலகையில் படிந்துவிட்டால் அந்த மூடாக்கே இல்லை. சாதா சிமெண்டுக்கு 7 நாளும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளுமாவது தண்ணீர் காட்ட வேண்டும். குறைத்தால் மேற்பரப்பு நுண்துளைகளோடு நின்றுவிடும்.

எல்லாக் கறையும் துரு அல்ல. வெள்ளையாக உப்புப் பூப்பது கசியும் நீர் கொண்டுவரும் சுண்ணாம்பு; கசிவை அடைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பழுதுபார்க்கையில் மாடியின் ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். பின் தளத்துக்கு முட்டுக்கொடுத்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளல் ஒலி வரும் இடமெல்லாம் உளியால் கொத்த வேண்டும். கொத்திய புது முகத்தில் பீனால்ப்தலீன் தெளித்தால், காரம் மிஞ்சிய பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பகுதி காரம் இழந்தது. கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு கொத்தி, துருவைச் சுத்தமாகத் தேய்த்து, இளைத்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காகப் பூசி ஈரம் காக்க வேண்டும். உப்பேறிய தளத்தில் ஓர் இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் அதன் ஓரத்துக் கம்பி புதிதாகத் துருப்பிடிக்கும். துருவின்மேலேயே சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது பழுதுபார்ப்பே அல்ல. தூங்குபவர் தலைக்குமேல் ஆபத்தை மறைத்துவைக்கும் வேலை.