கோடு போட்டாச்சு, வால்யூம் பார்த்தீங்களா?

"சப்போர்ட் எடுத்துடுச்சு, இனி ஏறும்"னு சொல்லி, கோடு போட்ட பிட்காயின் சார்ட் ஒண்ணு உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். அந்தக் கோட்டுல என்ன இருக்குன்னு அனுப்பினவரைக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் பதில் வராது. அங்க இருக்கிறது ஆட்கள், அவங்க போட்டு வச்சிருக்கிற ஆர்டர்கள்.

ஒரு விலைக்கு வந்தா வாங்கலாம்னு நிறைய பேர் காத்திருந்தா, இறக்கம் அங்க நிக்கும். அது சப்போர்ட். மேல ஒரு விலையில விற்கக் காத்திருந்தா ஏற்றம் நிக்கும். அது ரெசிஸ்டன்ஸ். ரெண்டுமே மெல்லிய கோடு கிடையாது, கொஞ்சம் அகலமான பட்டை. நூறு டாலர் கீழ போனதுமே "உடைஞ்சிடுச்சு"ன்னு கத்த வேண்டாம்.

2018-ஐப் பாருங்க. அதுக்கு முந்தின டிசம்பர்ல 20,000 டாலரை நெருங்கிட்டுச் சரிஞ்ச பிட்காயின், பிப்ரவரியில 6,000 பக்கம் வந்து திரும்புச்சு. ஜூன்லயும் ஆகஸ்ட்லயும் அதே ஏரியாவுல இருந்துதான் எழுந்துச்சு. இத்தனை தடவை தாங்கின தளம் உடையாதுன்னு பலரும் நம்பினாங்க. எனக்கு அந்த வாதம் தலைகீழாத்தான் படுது. ஒவ்வொரு தடவை விலை அங்க வரும்போதும் காத்திருந்த ஆர்டர்கள் கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்து போகும். எழுந்த உயரத்துலயே அது தெரிஞ்சுது: பிப்ரவரிக்கு அப்புறம் 11,000-க்கு மேல, ஜூனுக்கு அப்புறம் 8,000 சொச்சம், ஆகஸ்டுக்கு அப்புறம் 7,400 வரைக்கும்தான்.

அக்டோபர்ல விலை அசையவே இல்லை, வால்யூமும் வத்திப் போச்சு. நவம்பர் 14-ம் தேதி 6,000 உடைஞ்சப்போ வால்யூம் திடீர்னு எகிறுச்சு. டிசம்பர் நடுவுல விலை 3,200 பக்கம்.

அந்த வால்யூம்தான் இங்க சாட்சி. குறைஞ்ச வால்யூம்ல ஒரு லெவல் உடைஞ்சா, நாலு பேர் தள்ளி விட்டதா இருக்கலாம், விலை திரும்பி உள்ளே வரலாம். பெரிய வால்யூம்ல உடைஞ்சா நிறைய பணம் மனசு மாறிடுச்சுன்னு அர்த்தம். மேல போறதுக்கும் இதே கணக்குதான். 2020 நவம்பர் கடைசியில 20,000 கிட்ட முட்டிட்டுத் திரும்பின விலை, டிசம்பர் 16-ல வால்யூமோட அதைத் தாண்டுச்சு. மூணே வாரத்துல 40,000. பழைய கூரை தரையாச்சு. 2022 ஜூன் வரைக்கும் அதுக்குக் கீழ இறங்கவே இல்லை.

ஆனா சாட்சியே பொய் சொன்னா? தானே வித்து தானே வாங்கி வால்யூம் காட்டுறதுக்கு வாஷ் டிரேடிங்னு பேர். வெளியே சொல்லப்படுற பிட்காயின் வால்யூம்ல சுமார் 95 சதவீதம் போலின்னு 2019 மார்ச்ல பிட்வைஸ் நிறுவனம் அமெரிக்காவின் எஸ்இசி-கிட்ட ஒரு ஆய்வைக் கொடுத்துச்சு. அதனால எல்லா எக்ஸ்சேஞ்சையும் கூட்டிக் காட்டுற நம்பரை அப்படியே நம்பாதீங்க. நம்பகமான ரெண்டு மூணு பெரிய எக்ஸ்சேஞ்ச்ல வால்யூம் சேர்ந்து ஏறுதான்னு பாருங்க. யாரும் கேள்விப்படாத சின்ன காயினுக்கு இந்த முறையே சரிப்படாது. அதுல ஒரே ஆள் சப்போர்ட்டை உருவாக்கி, அவரே உடைக்கவும் முடியும்.

இன்னொண்ணு, இது சார்ட்ல தெரியாது. லெவலை வச்சு டிரேடு பண்றவங்க "பத்துல ஆறு ஜெயிச்சா போதும்"னு சொல்வாங்க. நம்ம ஊர் வரிச் சட்டத்துல அந்தக் கணக்கு இடிக்கும். 2022 ஏப்ரல்ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒண்ணுல வந்த நஷ்டத்தை இன்னொண்ணோட லாபத்துல கழிக்க முடியாது. ஒரு காயின்ல 10,000 ரூபாய் லாபம், இன்னொண்ணுல 10,000 நஷ்டம்னு வைங்க. கையில மிச்சம் எதுவும் இல்லை, ஆனா 3,000 ரூபாய் வரியும் அதுக்கு மேல செஸ்ஸும் கட்டணும்.