ஈய எழுத்துக்காரர்கள் – 6: கை சலித்த ஜவுளி வியாபாரி

போன வாரம் மைன்ஸ் நகரில், கடன் கொடுத்த ஃபுஸ்டிடம் வழக்கில் தோற்று நின்ற கூட்டன்பர்க்கோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரத்து ஆள் அப்படி மாட்டிக்கொள்கிறவர் இல்லை. வில்லியம் காக்ஸ்டன் கணக்கு வழக்கு தெரிந்த ஜவுளி வியாபாரி.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்து, 1438-ல் லண்டனில் ராபர்ட் லார்ஜ் என்ற பெரிய வணிகரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே முதலாளி லண்டன் மேயர் ஆனார். கடை அத்தனை பெரிது. அங்கிருந்து, இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகருக்குப் போன காக்ஸ்டன், அங்கிருந்த ஆங்கிலேய வணிகர்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார்.

1469-ல் ட்ராய் நகரத்துக் கதைகளைப் பிரெஞ்சிலிருந்து பெயர்க்க உட்கார்ந்தார். கொஞ்சம் எழுதியதும் தன் ஆங்கிலம் தனக்கே பிடிக்காமல் கட்டி வைத்துவிட்டார். அதை வாங்கிப் பார்த்தவர் பர்கண்டி கோமகள் மார்கரெட், இங்கிலாந்து மன்னரின் தங்கை. நடையில் குறை சொன்னார், திருத்தச் சொன்னார், மிச்சத்தையும் முடிக்கும்படி உத்தரவு போட்டார். 1471 செப்டம்பரில் கொலோனில் வேலை முடிந்தது.

ஆளாளுக்குப் பிரதி கேட்டார்கள். கையால் எத்தனை எழுதுவது? பேனா தேய்ந்தது, கை சலித்தது, வெள்ளைத் தாளையே பார்த்துக் கண் மங்கியது என்று நூலின் முடிவில் அவரே புலம்புகிறார். அதனால்தான் காசு செலவழித்து அச்சுத்தொழில் பழகினாராம். அப்போது வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். ஆங்கிலத்தில் அச்சான முதல் புத்தகம் இப்படித்தான் 1473-74 வாக்கில், இங்கிலாந்துக்கு வெளியே, பிறந்தது.

1476-ல் ஊர் திரும்பி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தை ஒட்டிக் கடை போட்டார். மன்னரின் அரண்மனையும் பக்கத்திலேயே. புத்தகம் வாங்கக் காசுள்ளவர்கள் நடமாடும் இடம் எதுவென்று ஜவுளிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டுமா? 1477 வாக்கில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விளம்பரமும் அடித்தார்: பூசை முறைப் புத்தகம் மலிவாகக் கிடைக்கும், வெஸ்ட்மின்ஸ்டருக்கு வாருங்கள் என்று. அடியில் லத்தீனில், தயவுசெய்து கிழிக்காதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். நோட்டீஸ் கிழிக்கிற கை அப்போதே ஊரில் இருந்திருக்கிறது!

ஆனால் அவரை உண்மையில் படுத்தியது மொழி. 1490-ல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் முட்டைக் கதை ஒன்று சொல்கிறார். தேம்ஸிலிருந்து கிளம்பிய கப்பல் காற்றில்லாமல் நிற்கிறது. வணிகர்கள் கரையிறங்குகிறார்கள். ஷெஃபீல்ட் என்பவர் ஒரு வீட்டில் சாப்பிட ‘எக்ஸ்’ கேட்கிறார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள் அந்த வீட்டு அம்மாள். மனுஷனுக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் ‘ஐரன்’ என்று கேட்டதும், ஓ, புரிகிறது என்கிறாள். இரண்டுக்கும் பொருள் முட்டைதான்.

இதில் எதை அச்சுக் கோப்பது? கையால் எழுதுகிறவன் அவனவன் ஊர்ப் பேச்சில் எழுதிவிட்டுப் போகலாம்; அடுத்த பிரதி எடுப்பவன் மாற்றிக்கொள்வான். ஈய எழுத்தைக் கோத்துப் பூட்டிவிட்டால் நூற்றுக்கணக்கான பிரதிகளிலும் அதே சொல்தான். இந்தச் சங்கடம் அச்சுக்காரருக்கு மட்டுமே வருவது.

பிழை என்றால் கேட்டுக்கொள்ளவும் செய்தார். அவர் அச்சிட்ட சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ மூலத்தோடு ஒத்துப்போகவில்லை, என் அப்பாவிடம் நல்ல பிரதி இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். காக்ஸ்டன் சண்டை போடவில்லை. அந்தப் பிரதியை வரவழைத்துப் பார்த்து, 1483 வாக்கில் படங்களும் சேர்த்து மறுபதிப்பு போட்டார்.

கடைசிவரை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். பாலைவனத் துறவிகளின் வாழ்க்கையைச் சொல்லும் பெரிய நூல் ஒன்றை, 1495-ல், அவர் உதவியாளர் விங்கின் டி வொர்ட் அச்சிட்டார். அதில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறார்: முதலாளி இந்த மொழிபெயர்ப்பை முடித்தது தன் வாழ்வின் கடைசி நாளில்.