லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி

தீபாவளி ஒளியூட்டின்போது சிராங்கூன் சாலையில் எடுத்த படங்களைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். அலங்கார வளைவின் விளக்குகள் மேலே பளிச்சென்று இருக்க, கீழே இருண்ட சாலையின்மீது பச்சை நிறத்தில் சில ஒளிப்புள்ளிகள் தலைகீழாக மிதக்கலாம். கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், லென்ஸின் முன்னால் திருகியிருக்கும் மலிவான ஃபில்டர்.

கேமரா வாங்கும்போதே ‘யூவி ஃபில்டர்’ ஒன்றையும் கடையில் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் அதற்கு வேலை இருந்தது. புற ஊதாக் கதிரால் தொலைதூர மலைகள் நீலம் பாரித்துத் தெரிவதை அது குறைத்தது. டிஜிட்டல் கேமராவிலோ சென்சாரின் முன்னாலேயே அந்தக் கதிரைத் தடுக்கும் அடுக்கு உண்டு. ஆக, இன்று அது வெறும் காவல் கண்ணாடி. காவலுக்கு வந்தது படத்தைக் கெடுக்காமல் இருக்கவேண்டுமே!

பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். முன்புறமும் பின்புறமும் சேர்த்தால் 8 விழுக்காடு. பகலில் இது அவ்வளவாகத் தெரியாது. இரவில்தான் வம்பு. விளக்கொளி சென்சாரில் பட்டுத் திரும்பி, ஃபில்டரின் தட்டையான பின்புறத்தில் மோதி, மறுபடியும் சென்சாருக்கே வருகிறது. அதனால்தான் படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் அந்தப் போலி விளக்குகள். நல்ல பல அடுக்குப் பூச்சு இருந்தால், ஒரு பரப்பின் எதிரொளிப்பு அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். விலை வேறுபாட்டின் பெரும்பகுதி இந்தப் பூச்சுக்குத்தான்.

கடையிலேயே சோதித்துவிடலாம். ஃபில்டரைக் குழல் விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கு முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் பூச்சு இல்லை. மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு.

எல்லா ஃபில்டரும் கண்ணாடி அல்ல. இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் பயன்படுத்தும் சதுர ஃபில்டர்களில் பல, மூக்குக்கண்ணாடிக்குப் பயன்படும் சிஆர்-39 போன்ற ரெசினால் ஆனவை. எடை குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் அடர்த்தியான என்டி ஃபில்டர்களில் இன்னொரு தொல்லை: சாயமேற்றிய ரெசின், அகச்சிவப்புக் கதிரைப் போதிய அளவு தடுக்காவிட்டால், அருவிப் படம் முழுவதும் செம்பழுப்பு படரும். கண்ணாடியின்மீது மெல்லிய உலோகப் பூச்சு ஏற்றியவை பெரும்பாலும் நிறத்தை மாற்றுவதில்லை.

300 மில்லிமீட்டர் போன்ற நீண்ட லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். கண்ணாடி துல்லியமான சமதளமாக இல்லாவிட்டால், அகல லென்ஸில் தெரியாத மங்கல் அங்கே தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், பணம் போடத் தகுந்தது போலரைசர்தான். இலையின் மினுமினுப்பையும் நீர்ப்பரப்பின் பளபளப்பையும் அது நீக்குவதைப்போல் எந்த மென்பொருளும் முழுமையாகச் செய்துவிடாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி குறையும், அவ்வளவுதான்.

காவல் ஃபில்டரைத் தூக்கி எறியவும் வேண்டாம். தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் திருநீறும் பாலும் தெறிக்கும் இடத்திலும், ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையின் உப்புக் காற்றிலும் அது இருக்கட்டும். இரவு விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிட்டு லென்ஸ் ஹூட் மாட்டிக்கொள்ளுங்கள். அவ்வப்போது கழற்றினால் இன்னொரு நன்மையும் உண்டு. அலுமினிய வளையங்கள் நாள்பட்டால் இறுகிக்கொள்ளும். பித்தளை அவ்வளவாக இறுகாது. நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தால், அதுவும் அப்போதே கண்ணில் பட்டுவிடும்.