தக்காளிப் பெட்டிக்கு ஏற்ற குலுக்கல் சோதனை

தோட்டத்தில் பறிக்கும்போது கெட்டியாக இருந்த தக்காளி, சந்தையில் இறக்கும்போது கன்றிப் போயிருப்பதுண்டு. வழியில் பட்ட குலுக்கலே இதற்கு முக்கியக் காரணம். எனவே புதுவகைப் பெட்டிகளை விற்பனைக்கு விடுமுன் அதிர்வு மேடையில் வைத்துச் சோதிக்கிறார்கள். லாரியில் நேர்வது போல மேடை ஒழுங்கின்றி மேலும் கீழும் குலுங்கும். ஆனாலும் இதில் தேறிய பெட்டி சாலையில் தோற்பதுண்டு.

வித்தியாசம் ஏன்?

வழக்கமான சோதனையில் மேடை முழு நேரமும் ஒரே சராசரிப் பலத்தில் குலுங்குகிறது. சராசரியைப் போல 3 மடங்கைத் தாண்டும் உதறல் 1,000-க்கு 3 என்ற அளவில்தான் வரும். சில சோதனைகளில் அதையும் கருவி வெட்டிவிடும். லாரியோ தார்ச் சாலையில் வெகுதூரம் அமைதியாக ஓடும். பிறகு திடீரென ஒரு பள்ளம் அல்லது வேகத்தடை வரும். மெல்லிய குலுக்கல் தோலை உராய்கிறது. பெரிய உதறல் சதையைக் கன்ற வைக்கிறது.

பள்ளத்துக்கு ஈடாக மொத்தக் குலுக்கலையும் கூட்டுவது சரியல்ல. சாலையில் படாத சேதமெல்லாம் மேடையில் பட்டுவிடும். அதை வைத்துச் செய்யும் பெட்டி தேவைக்கு மேல் கனமாகவும் விலை கூடுதலாகவும் இருக்கும்.

சரியான முறை

லாரித் தளத்தில் அதிர்வு அளக்கும் கருவியைப் பொருத்தி, சரக்கு செல்லும் சாலையிலேயே ஓட்டிப் பதிவு செய்ய வேண்டும். நல்ல சாலை, மோசமான சாலை எனப் பதிவைப் பிரித்து, பயணத்தில் வரும் அதே விகிதத்தில், அததற்குரிய பலத்தில் மேடையைக் குலுக்க வேண்டும். பெரிய உதறல்களைத் தனியே சேர்க்க வேண்டும். பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே சோதிக்க வேண்டும். மேல் பெட்டி அதிகம் துள்ளுவதே இதற்குக் காரணம்.

விவசாயிகள் செய்யக்கூடியது

மேடை இல்லாமலும் சோதிக்கலாம். ஒரே நாளில், ஒரே பருவத்தில் பறித்த பழங்களை இருவகைப் பெட்டிகளில் நிரப்பி, அடையாளமிட்டு, ஒரே லாரியில் பின்பக்கம் மேல் அடுக்கில் வைத்து அனுப்பவும். குலுக்கல் அதிகம் உள்ள இடம் அதுவே. சில பழங்களை வீட்டிலும் வைத்திருக்கவும்; பறிப்பில் பட்ட சேதம் எவ்வளவு, வழியில் பட்டது எவ்வளவு என்பது இதனால் விளங்கும். கன்றல் உடனே முழுமையாகத் தெரியாது. ஆகவே இறக்கியதும் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை எண்ணிப் பார்க்கவும். பாரம் குறைந்த லாரி அதிகம் குலுங்கும் என்பதால், மூன்று நான்கு நடை பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

புதுப் பெட்டி வாங்கும்போது, எந்தச் சாலையின் பதிவைக் கொண்டு சோதித்தார்கள் என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.