முனை மறையும் இடம்

கைவினை வழியே - 14

போன வாரம் மணி கோப்பதைப் பார்த்தோம். இந்த வாரம், அந்த மணியைப் பிடித்து நிறுத்தும் கம்பி.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் நேராக வைண்டிங் கடைக்குத்தான் போகும். அறுத்தெடுத்த பழைய செம்புச் சுருள் எடைக்கு விலையாகும். அதில் ஒரு பிடி வாங்கி வந்து என் முதல் மோதிரத்தைச் செய்தேன். இரண்டே நாளில் விரலில் ஒரு கீறல், அதைச் சுற்றி ஒரு பச்சை வளையம்.

கோளாறு செம்பில் இல்லை, என் அவசரத்தில். மோட்டார் கம்பிக்கு மேல் மின்காப்புப் பூச்சு உண்டு. அதுவும் செம்பு நிறத்திலேயே மின்னுவதால் கண்ணை ஏமாற்றிவிடும். கொளுத்தினால் கெட்ட புகை வரும். உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதே நல்லது. அந்தப் பாடு வேண்டாமென்றால் பூச்சில்லாத கம்பியாகக் கேட்டு வாங்கலாம். மோதிரத்துக்கு 18 கேஜ், ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனம், போதும்.

செம்பு வளைய வளைய விறைக்கும். பிறகும் வம்பு செய்தால் பட்டென்று ஒடியும். மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கினால் மறுபடி இளகிவிடும். பழுத்த எஃகைக் கொல்லர் தண்ணீரில் முக்கினால் அது இறுகும். செம்பை முக்கினாலோ இளக்கம் அப்படியே இருக்கும். சூட்டில் படிந்த கருப்பைப் புளிக்கரைசல் எடுத்துவிடும். பாட்டி குத்துவிளக்கு தேய்த்த அதே புளிதான்.

பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர் பெண்களின் விரல்களைக் கவனியுங்கள். குறட்டு மூக்கில் கம்பியைச் சுற்றி ஒரு கண் வளைத்து, மீதிக் கம்பியை மணியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை ஒட்ட நறுக்கி, குறட்டால் ஓர் அழுத்து. தடவிப் பார்த்தால் முனை எங்கே என்று தெரியாது. என் மோதிரத்தில் விடுபட்டது அந்த ஓர் அழுத்துதான். பழங்குடியினர் பட்டியலில் இடம் என்ற நெடுநாள் கோரிக்கை அவர்களுக்கு 2023 தொடக்கத்தில் கைகூடியது. கைவேலைக்கான விலை இன்னும் கைகூடவில்லை. மணிக்குப் பேரம் பேசுகிற நாம், அந்த அழுத்துக்குக் கூலி சேர்ப்பதே இல்லை.

முனையை நேர்த்தி அரத்தால் உருட்டியாயிற்று. இனிப் பச்சைக்கு வழி. வியர்வையும் காற்றும் பட்டுச் செம்பில் ஊறும் களிம்புதான் அது. சோப்புப் போட்டால் தோலை விட்டுப் போய்விடும். வராமல் தள்ளிப்போட, கல்வராயன் மலைத் தேனடையின் மெழுகு கொஞ்சம் போதும். மோதிரத்தை இளஞ்சூடாக்கி, மெழுகைத் தொட்டுத் தடவி, பருத்தித் துணியால் பூச்சு தெரியாத அளவுக்குத் துடைத்துவிட வேண்டும். மெழுகு தேய்ந்தால் மறுபடி ஒரு தடவல்.

அன்று கீறிய மோதிரத்தைப் பிரித்து, சுட்டு, முனையை உள்ளே மடக்கி மறுபடி சுற்றினேன். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்தபோது அது விரலில்தான் இருந்தது. மலை இறங்கும்வரை அதன் நினைப்பே வரவில்லை.

(அடுத்த வாரம்: 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்)